விலைப் பக்கம் விழாமல் நின்ற காலை

இணையத்தில் இருக்கும் தம்புள்ளை விலைப் பக்கம் காலையில் திறப்பதில்லை என்று எனக்கு முதலில் சொன்னவர் என் கணவர். அவர் லொறி ஓட்டுகிறார். விடிவதற்கு முன்பே மாத்தளையிலிருந்து புறப்பட்டு, தம்புள்ளை மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றி, மதியத்துக்குள் மாத்தளைக் கடைகளில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். நான் மாத்தளை டவுனில் மருந்து விற்கும் ஒரு பாமசிக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன கம்பியூட்டர் ஒபீஸில் வேலை செய்கிறேன். வெப்சைட் செய்து கொடுப்பதும், செய்து கொடுத்ததை நிற்காமல் ஓடவைப்பதும் எங்கள் தொழில். செய்து கொடுப்பதற்கு மற்றவர்கள் இருக்கிறார்கள். ஓடவைப்பது என் பொறுப்பு.

அந்த விலைப் பக்கமும் எங்கள் ஒபீஸ் செய்ததுதான். காய்கறி வளர்ப்பவர்களும் சிறு வியாபாரிகளும் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம் கேட்டு வாங்கியது. காலையில் கரட் என்ன விலை, போஞ்சி என்ன விலை, கோவா, தக்காளி, பெரிய வெங்காயம் என்ன விலை என்று சங்கத்து ஆள் ஒருவர் சந்தையில் நின்றபடியே போனில் அடித்துவிடுவார். அடித்த மறுகணம் அது பக்கத்தில் வந்துவிட வேண்டும். கலேவெலயில் தோட்டம் வைத்திருப்பவர் இன்றைக்குப் பறிப்பதா, நாளைக்குப் பறிப்பதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ரத்தோட்டையில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர் லொறிக்காரருக்கு எதைச் சொல்லிவிடுவது என்று அதைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்.

"ஒங்க பேஜ் இன்னைக்கும் வரல," என்றார் என் கணவர், மதியச் சோற்றைப் பிசைந்தபடி.

"எந்த நேரத்துல?"

"எல்லாரும் பாக்குற நேரத்துலதான். யாரும் பாக்காத நேரத்துல நல்லாத்தான் வருது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னது மிகச் சரியான நோய்க்குறி. நான் பத்து மணிக்கு ஒபீஸில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். கண் இமைப்பதற்குள் வந்துவிடும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மூடிவைப்பேன். காலை ஆறு மணியின் கதை எனக்குத் தெரியாது.

இரண்டொரு நாளில் சங்கத்திலிருந்து எங்கள் ஒபீஸ் பொறுப்பாளருக்கும் போன் வந்தது. அவர் சிங்களப் பெண்மணி, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை நங்கி என்பார். சிங்களத்தில் தங்கச்சி என்று பொருள். எங்களுக்குள் பேச்செல்லாம் சிங்களத்தில்தான். அக்காவுக்கு மனசு சரியில்லாவிட்டால் வாயில் ஒரு கராம்பைப் போட்டு மெல்லுவார். அவர் வீட்டுத் தோட்டத்துக் கராம்பு. அன்றைக்கு ஒபீஸ் முழுக்கக் கராம்பு வாசனை.

"நங்கி, அவங்க கொழும்புல ஒரு கம்பனிகிட்டப் பேசிட்டாங்களாம். இந்த மாசத்துக்குள்ள சரி வரலன்னா பேஜ அவங்ககிட்டக் குடுத்துருவாங்க," என்றார்.

"நான் பாக்குறேன் அக்கா."

"பெரிய சர்வர் ஒண்ணு வாடகைக்கு எடுப்போமா?"

"முதல்ல இருக்கிறத ஒழுங்காப் பாக்குறேன்."

சொன்னது தைரியமாகத்தான் இருந்தது. ஆனால் நான் அப்போது செய்தது பெரிய கெட்டித்தனம் ஒன்றுமில்லை.

வெப் சர்வர் என்பது எங்கோ ஒரு நாட்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் கம்பியூட்டரில் ஓடும் மென்பொருள். ஒருவர் போனில் பக்கத்தைத் திறந்தால் அந்தப் போனுக்கும் சர்வருக்கும் இடையில் ஓர் இணைப்பு உண்டாகும். எங்கள் சர்வரில் ஒவ்வோர் இணைப்பையும் கவனிக்க ஒரு புரோசஸ் எழுந்து வரும். கவுன்டரில் நிற்கும் ஆள் மாதிரி. ஒரே நேரத்தில் எத்தனை புரோசஸ் எழுந்திருக்கலாம் என்பதற்குச் செட்டிங்ஸில் ஒரு மேல்வரம்பு உண்டு. மென்பொருளோடு வந்த வரம்பு எதுவோ அதுவே அங்கே இருந்தது. யாரும் தொட்டதில்லை. காலையில் வருகிற கூட்டத்துக்கு அது போதவில்லை, மிச்சப் பேர் வெளியே வரிசையில் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். வரம்பைத் தூக்கி மிகப் பெரியதாகப் போட்டேன். சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் நிலைமை இன்னும் மோசமானது. முன்பெல்லாம் சிலருக்காவது பக்கம் வரும். அன்றைக்கு ஒருவருக்கும் வரவில்லை. புரோசஸ்கள் நூற்றுக்கணக்கில் எழுந்து, ஒவ்வொன்றும் தன் பங்குக்கு மெமரியைத் தின்று, கடைசியில் கம்பியூட்டரிடம் மெமரியே இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது எதையாவது கொல்ல வேண்டும். அது கொன்றது விலைகளை வைத்திருக்கும் டேட்டாபேஸை.

"என்ன செஞ்ச? இன்னைக்கு ஒருத்தனுக்கும் வரல," என்றார் கணவர் மதியம்.

"கூட்டிப் போட்டேன். தப்பாப் போச்சு."

அவர் ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டார் என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

வரம்பைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அடுத்த நாள் காலையில் வீட்டிலிருந்தே சர்வரின் நிலைமைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு புரோசஸும் அந்த நொடியில் என்ன செய்கிறது என்று அதில் தெரியும். பார்த்ததை என்னால் நம்ப முடியவில்லை. எல்லா இடமும் நிரம்பியிருந்தது. ஆனால் வேலை செய்பவர்கள் கொஞ்சப் பேர்தான். மிச்ச எல்லோரும் சும்மா நின்றார்கள். யாரோ ஒரு போன் அடுத்து எதையாவது கேட்கும் என்று காத்துக்கொண்டு நின்றார்கள். கேட்பார் இல்லை.

ஏன் இத்தனை பேர் காத்து நிற்க வேண்டும்? கண்டியில் கோர்ஸ் படித்தபோதும், பிறகு வேலையில் சேர்ந்து நானாகவே படித்தபோதும், இந்தச் செட்டிங்ஸ் எல்லாம் எனக்குப் பெயரளவில் தெரியும். ஆனால் இந்தக் காத்திருப்பு எங்கிருந்து வருகிறது என்பது ஒபீஸ் மேசையில் உட்கார்ந்து தெரியவில்லை.

அன்று சாயந்தரம் கணவரிடம் சொன்னேன். "நாளைக்கு நானும் லொறியில வாறேன்."

"எங்க?"

"தம்புள்ளைக்கு. ஆளுங்க எப்படிப் பாக்குறாங்கன்னு பாக்கணும்."

"அங்க ஒரே இரைச்சலும் சேறுமா இருக்கும். ஒனக்கு எதுக்கு?"

"என் வேலைக்குத்தான்."

அவர் தலையைச் சொறிந்தார். ஏன் தயங்குகிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

லொறியில் முன்னால் உட்கார்ந்து போனேன். நாலந்தா தாண்டும்போது வெளிச்சம் வந்தது. தம்புள்ளைச் சந்தையின் கேட்டுக்குள் நுழைந்தபோது முன்னும் பின்னும் லொறிகள்தான். மூட்டை தூக்கும் நாட்டாமிமார் வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டு முதுகில் கோவா மூட்டையோடு ஓடினார்கள். தகரக் கூரைகளுக்குக் கீழே கடை கடையாக நீண்டு போகிறது அந்தச் சந்தை. கணவர் லொறியை ஒதுக்கிவிட்டு என்னைத் தேத்தண்ணிக் கடை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய கூட்டாளி லொறிக்காரர்கள் மூன்று நான்கு பேர் அங்கே நின்றார்கள். ஆளுக்கொரு பிளேன்டீ. ஆளுக்கொரு போன்.

நாலந்தாப் பக்கத்துக்காரர் ஒருவர், தோளில் துவாய் போட்ட பெரிய உடம்பு, போனைத் தட்டிக்கொண்டே பேசினார்.

"இன்னைக்கும் சுத்திக்கிட்டே இருக்கு. இத செஞ்சவன் மட்டும் என் கையில கெடச்சான்னா, வெங்காய மூட்டைக்குள்ள போட்டுத் தச்சு அனுப்பிருவேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். இன்னொருவர், "அவனுக்கு மூள இருந்தா இப்படிச் செய்வானா," என்றார். அவர்கள் இதைத் தினமும் பேசுகிறார்கள் என்பது பேச்சின் பழக்கத்திலேயே தெரிந்தது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பிளேன்டீக் கிளாஸுக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை நாளாக அவர் இதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது யார் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்திருக்கலாம். கோபம் வந்திருக்கலாம். இரண்டும் வரவில்லை. என் வேலையைப் பற்றி என் முன்னாலேயே பேசுகிறார்கள். நான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள். அது மட்டும்தான் மனதில் இருந்தது.

"செஞ்சவன் இல்ல அண்ணே, செஞ்சவ," என்றேன். "அத ஓடவைக்கிறது நான்தான்."

சிரிப்பு நின்றுவிட்டது. பெரிய உடம்புக்காரர் என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருப்பா இது?"

"நம்ம வீட்டுல," என்றார் கணவர் மெதுவாக.

"நீ சொல்லவே இல்லையே."

கணவருக்குப் பதிலாக நான்தான் பேசினேன். "காலையில வரமாட்டேங்குதுன்னு எனக்குத் தெரியும் அண்ணே. ஏன்னு இன்னும் சரியாத் தெரியல. அதப் பாக்கத்தான் வந்தேன். நீங்க போன்ல எப்படிப் பாப்பீங்களோ அப்படியே எனக்குக் காட்டுங்க."

அவர் துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு, "இங்க வாங்க தங்கச்சி," என்று போனை நீட்டினார். மூட்டைக்குள் போட்டுத் தைப்பேன் என்று சொன்ன அதே மனிதர்தான், அடுத்த அரை மணி நேரம் எனக்கு உதவியாகச் சந்தை முழுக்கக் கூடவே நடந்தார்.

அவர் அமுத்துவார். பக்கம் பாதி வரும். விலைக்கு மேலே காய்கறிப் படங்கள் இருந்தன. அழகாக இருக்கட்டும் என்று எங்கள் ஒபீஸில் வைத்தவை. கரட் படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அது வந்து முடிவதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். தகரக் கூரைக்குக் கீழே போவார். சிக்னல் போய்விடும். வெளியே வந்து மறுபடி அமுத்துவார். வராது. மறுபடி அமுத்துவார். கையை உயர்த்திப் பிடித்து இன்னொரு தரம் அமுத்துவார்.

"வரலன்னா திரும்பத் திரும்ப அமுத்த வேண்டியதுதானே," என்றார். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நாட்டாமி ஒருவர் மூட்டையை இறக்கிவைத்த கையோடு அப்படித்தான் செய்தார். வெள்ளைச் சாரம் உடுத்திய பெரிய முதலாளி ஒருவர், இரண்டு கையிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு அப்படித்தான் செய்தார்.

நான் ஒரு தூணோரம் நின்று என் போனில் சர்வரின் நிலைமைப் பக்கத்தைத் திறந்தேன். இப்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் என் கண்முன்னால் இருந்தது. இங்கே ஒருவர் ஒரு தரம் அமுத்தினால், விலைக்கு ஒன்று, படங்களுக்குச் சில என்று அங்கே பல இணைப்புகள் எழுகின்றன. சிக்னல் அறுந்தால் போன் போய்விடுகிறது. ஆனால் போய்விட்டது என்று சர்வருக்குத் தெரியாது. போனவர் வருவார் என்று அது ஐந்து நிமிடம் காத்திருக்கிறது. அப்படித்தான் செட்டிங்ஸில் எழுதியிருந்தது. அதற்குள் அவர் மறுபடி அமுத்துகிறார். மறுபடி புது இணைப்புகள், புதுக் காத்திருப்புகள். ஒரு மனிதர், தனக்கே தெரியாமல், பத்துப் பேருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இதை நாலந்தாக்காரரிடம் சொன்னேன். அவர் நான் முடிக்கும் முன்பே தலையாட்டினார்.

"இறக்கி முடிச்ச லொறி கேட்டுலயே நிக்குது. அப்ப வாற லொறி எப்படி உள்ள போறது?"

"அதேதான் அண்ணே."

"அப்ப கெளப்பி விடுங்க."

கிளப்பி விடத்தான் வேண்டும். அதற்கு எங்கே கை வைப்பது என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. கரட்டும் போஞ்சியும் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது என் மனம் செட்டிங்ஸ் கோப்பின் ஒவ்வொரு வரியாகப் போய்க்கொண்டிருந்தது. நாவுல தாண்டிய பிறகுதான் கணவரிடம் கேட்டேன்.

"நான்தான் பாக்குறேன்னு ஏங்க சொல்லல?"

அவர் ரோட்டைப் பார்த்தபடி, "சொன்னா ஒன்னத் திட்டுவானுங்க. கேட்டுக்கிட்டு நிக்க முடியாது. சண்டைக்குப் போயிருவேன்," என்றார்.

"இப்ப மட்டும் யாரத் திட்டுனாங்க?"

"யாரோ ஒருத்தன."

"அந்த ஒருத்தன் நான்தான். திட்டட்டும். என் வேலையத்தானே திட்டுறாங்க. நல்லா ஓடுனா அப்பவும் அது என் வேலைதான்."

அவர் கியர் மாற்றினார். கொஞ்ச தூரம் போனதும், "இன்னைக்கு நீ சொன்னப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு," என்றார். ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தில் தெரிந்தது.

அடுத்து வந்த நாட்களில் ஒபீஸில் நான் வேறு எதையும் தொடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கை வைக்காமல், அதேபோல இன்னொன்றை எங்கள் ஒபீஸ் கம்பியூட்டரிலேயே அமைத்துக்கொண்டேன். ஒருமுறை அவசரப்பட்டு டேட்டாபேஸைக் கொன்றது போதும்.

முதலில் காத்திருக்கும் நேரங்களைக் குறைத்தேன். வேலை முடிந்த இணைப்பை, அடுத்து ஏதாவது கேட்குமோ என்று இரண்டு விநாடிக்குமேல் பிடித்து வைக்காதே. அறுந்து போன போனுக்காக ஐந்து நிமிடம் நிற்காதே. ஆனால் மிகவும் குறைத்துவிட்டால், நல்ல சிக்னல் இல்லாத மனிதருக்குப் பக்கம் பாதியிலேயே அறுந்துபோகும். தூணோரம் நின்று பார்த்ததை நினைத்து நினைத்து ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அந்த எண்ணை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லியிருக்காது.

பிறகு பெரிய வேலை. எங்கள் சர்வரில் விலைப் பக்கத்தைத் தயாரிக்கும் நிரலும் ஒவ்வொரு புரோசஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அதனால் ஒவ்வொரு புரோசஸுக்கும் பெரிய வயிறு. ஒரு கரட் படத்தை எடுத்துக் கொடுப்பதற்குக்கூட அந்தப் பெரிய வயிற்றுக்காரன்தான் எழுந்து வருவான். இரண்டையும் பிரித்தேன். இணைப்புகளை வாங்கிக் கவனிப்பதற்கு மெலிந்த ஒரு சிலர். அவர்களில் ஒருவரே நூற்றுக்கணக்கான இணைப்புகளைப் பார்த்துக்கொள்வார். காத்து நிற்பதற்கென்று இனித் தனி ஆள் தேவையில்லை. பக்கத்தைத் தயாரிப்பதற்கு மட்டும் தனியாக ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை இந்த முறை ஊகிக்கவில்லை. ஒருவர் எவ்வளவு மெமரி தின்கிறார் என்று அளந்தேன். டேட்டாபேஸுக்கும் கம்பியூட்டருக்கும் வேண்டியதை முதலில் ஒதுக்கி வைத்தேன். மிச்சத்தை வகுத்தேன்.

வந்த விடையைப் பார்த்து அக்கா கராம்பைத் தேடினார்.

"இருபதா? நங்கி, முன்னால நூறுக்கு மேல இருந்துச்சே. அதுவே பத்தலன்னுதானே சங்கத்துல கத்துறாங்க?"

"அதுல முக்கால்வாசிப் பேரு சும்மா நின்னாங்க அக்கா. இந்த இருபது பேரும் நிக்க மாட்டாங்க. ஒரு பக்கம் செய்றதுக்குக் கண் மூடித் தொறக்கிற நேரம்தான். செஞ்சு குடுத்துட்டு அடுத்த ஆள் கிட்டப் போயிருவாங்க."

"அதுக்குமேல வந்தா?"

"ஒரு நொடி வரிசையில நிப்பாங்க. நின்னாலும் கெடைக்கும். மெமரி முடிஞ்சு எல்லாருக்கும் கெடைக்காமப் போறதவிட அது நல்லது."

"ஒனக்கு நிச்சயமா?"

"அளந்து பாத்திருக்கேன் அக்கா."

அப்படிச் சொல்லிவிட்டாலும், சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான போன்கள் வருவதுபோலப் போலிக் கோரிக்கைகளை அனுப்பும் ஒரு கருவி இருக்கிறது. அதை வைத்து, சோதனைக்காக அமைத்த சர்வரை அடித்தேன். சிக்னல் மெதுவாக இருப்பதுபோலவும், பாதியில் அறுவதுபோலவும், பொறுமையில்லாமல் திரும்பத் திரும்ப அமுத்துவதுபோலவும் அனுப்பினேன். நாலந்தாக்காரரைத்தான் நினைத்துக்கொண்டு எழுதினேன். முதல் அடியிலேயே அது விழுந்தது. பார்த்தால், மெமரி நிறைய மிச்சம் இருக்கிறது; செட்டிங்ஸும் சரி. ஒரு மென்பொருள் ஒரே நேரத்தில் இத்தனை கோப்புகளைத்தான் திறந்து வைக்கலாம் என்று கம்பியூட்டரே ஒரு வரம்பு வைத்திருந்தது. ஒவ்வோர் இணைப்பும் அதன் கணக்கில் ஒரு கோப்பு. அந்த வரம்பையும் உயர்த்தினேன். டேட்டாபேஸ் எத்தனை பேரை உள்ளே விடும் என்பதையும் என் இருபது பேருக்கும் இடமிருக்கும்படி சரிசெய்தேன். காய்கறிப் படங்களைப் போன்களே சேமித்து வைத்துக்கொள்ளும்படி சொல்லிவைத்தேன். கரட் படம் தினமும் மாறுவதில்லையே.

மறுபடி அடித்தேன். விழாமல் நின்றது. இன்னும் கூட்டி அடித்தேன். மெதுவானது, ஆனால் நின்றது. தம்புள்ளையில் ஒரு நாளும் வராத கூட்டத்தை அனுப்பிப் பார்த்தேன். அப்போதும் நின்றது. நான் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஒபீஸில் வேலை செய்யும் மற்ற இருவரும் எழுந்து வந்து என் பின்னால் நின்றார்கள்.

ஒரு மத்தியானம், விலைப் பக்கத்துக்கு ஆளே வராத நேரம் பார்த்து, எல்லாவற்றையும் உண்மையான சர்வருக்கு மாற்றினேன்.

மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஒபீஸுக்கு வந்தேன். அக்கா எனக்கு முன்பே வந்து கதவைத் திறந்து வைத்திருந்தார். கீழே பாமசி இன்னும் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். சங்கத்து ஆள் விலைகளைப் போடத் தொடங்கினார். இணைப்புகளின் கோடு மேலே ஏறியது. வழக்கமாக முட்டி நிற்கும் இடத்துக்கு வந்தது. அதைத் தாண்டியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மெமரியின் கோடு அசையவில்லை. தட்டையாக, கம்பி கட்டியதுபோலப் போய்க்கொண்டிருந்தது. என் இருபது பேரும் எழுந்து வேலை செய்தார்கள். வரிசை ஒன்று உண்டாகி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்தது. ஏழு மணி தாண்டியது. கோடு மெல்லக் கீழே இறங்கியது. ஒபீஸ் போன் ஒரே ஒரு தரம் அடித்தது. அக்கா பாய்ந்து எடுத்தார். தக்காளி விலையில் ஒரு சைபர் கூடிவிட்டது, மாற்ற முடியுமா என்று சங்கத்தில் கேட்டார்கள். பக்கத்தைப் பார்க்க முடிந்ததால்தான் அந்தப் பிழையும் கண்ணில் பட்டிருக்கிறது. போனை வைத்துவிட்டு அக்கா சத்தமாகச் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் என் போனும் அடித்தது. கணவர்.

"வருதும்மா," என்றார். "அமுத்தின உடனே வருது. இரு, ஒருத்தர் பேசணுமாம்."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. பின்னால் லொறி இரைச்சல். பிறகு நாலந்தாக்காரரின் குரல்.

"தங்கச்சி, கேட்டுல நின்ன லொறியெல்லாம் கெளப்பிட்டீங்க போல."

"ஆமா அண்ணே."

"காலையில இருந்து இங்க ஒங்க வீட்டுக்காரரோட ஒரே தொந்தரவா இருக்கு. வாறவன் போறவன்கிட்டயெல்லாம், என் பொஞ்சாதி செஞ்சது, என் பொஞ்சாதி செஞ்சதுன்னு போனத் தூக்கிக் காட்டிக்கிட்டுத் திரியுறாரு. லோடு ஏத்துற எண்ணமே இல்ல."

பின்னால் என் கணவர் எதையோ மறுத்துச் சொல்வதும், நாலைந்து பேர் சிரிப்பதும் கேட்டது. நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அக்கா தன் கராம்பு டப்பாவை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனார்.

கொழும்பு கம்பனியைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. அந்த மாதமே அக்கா எங்கள் ஒபீஸ் பார்த்துக்கொள்ளும் மற்ற எல்லா சர்வர்களின் சாவியையும் என்னிடம் கொடுத்தார். சாவி என்று நாங்கள் சொல்வது உள்ளே நுழையும் கடவுச்சொற்களை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரு ஹோட்டல், ஒரு டியூஷன் வகுப்பு, வாசனைத் திரவியம் விற்கும் ஒரு தோட்டம். எல்லாவற்றிலும் மென்பொருளோடு வந்த செட்டிங்ஸ் அப்படியே கிடந்தன. ஒவ்வொன்றையும் அளந்து, வகுத்து, அந்தந்த இடத்துக்குத் தக்கபடி எழுதினேன். ஏன் இந்த எண் என்று ஒவ்வொரு வரிக்கும் மேலே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். நாளைக்கு என் இடத்தில் உட்கார்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை.

சித்திரை வருசப் பிறப்புக்கு முந்திய காலைதான் அந்தப் பக்கத்துக்கு மிகப் பெரிய கூட்டம் வரும் நாள். விலை மணிக்கொரு தரம் மாறும். ஊரெல்லாம் போனைத் தட்டும். எல்லாம் சரிசெய்த பிறகு வந்த முதல் சித்திரைக்கு, அந்தக் காலையில் நான் வீட்டில் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு லீவு போட்டிருந்த கணவர், குசினி வாசலில் வந்து நின்றார்.

"இன்னைக்குத்தான் பெரிய கூட்டம். நீ திறந்து பாக்கலையா?"

"பாக்கணுமா?"

"இல்ல, விழுந்துருச்சுன்னா?"

"விழாதுங்க," என்றேன். "அந்த எண்ணெய் போத்தல எடுங்க. என் கையெல்லாம் மாவு."